தோன்றா எழுவாயும் ஸ்டிக்கி நோட்டும்: ஒர்க்‌ஷாப் குறிப்பை ஏஐ வரைபடமாக்கும்போது – முக்கியக் குறிப்புகள்

பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வுக்கும் யுஜிசி நெட் கணினி அறிவியல் தாளுக்கும் மென்பொருள் பொறியியல் படிப்பவர்களுக்காக என் நோட்டிலிருந்து எடுத்தவை இவை. சில வருடம் ஐடி வேலையில் ஒயிட்போர்டுக்கு முன்னால் நின்றவன் நான். அதனால் பாடப்புத்தகத்தில் இல்லாத சங்கதிகளும் நடுநடுவே வரும். அவற்றை விடைத்தாளில் எழுத வேண்டாம், வேலைக்குப் போனபின் உதவும்.

ஆள், ஆண்டு

• 1921: ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதி அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் 'பிராசஸ் சார்ட்' முறையை முன்வைத்தார்கள். ஃப்ளோசார்ட்டின் பாட்டன் இதுதான். கணினிக்கு முன்பே, தொழிற்சாலை வேலையை அளக்கப் பிறந்தது.

• 1968: மெல்வின் கான்வேயின் கட்டுரை. ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே அமையும் என்பது கான்வே விதி.

• 1976: பீட்டர் சென், ஈ-ஆர் மாதிரி.

• 1978: டாம் டிமார்கோவின் ஸ்ட்ரக்சர்டு அனாலிசிஸ் புத்தகம், டேட்டா ஃப்ளோ டயகிராம் பரவலானது இதற்குப் பின். டிமார்கோ முறையில் பிராசஸ் என்றால் வட்டம், கேன்-சார்சன் முறையில் முனை மழுங்கிய செவ்வகம். ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஏற்ற இடம்.

• 1987: டேவிட் ஹாரெல், ஸ்டேட்சார்ட். 1989: கென்ட் பெக், வார்டு கன்னிங்ஹாம், சிஆர்சி அட்டை. கிளாஸ், ரெஸ்பான்சிபிலிட்டி, கொலாபரேட்டர் மூன்றின் முதல் எழுத்துகள் சேர்ந்த பெயர். அட்டையைக் கையில் வைத்துப் பேசிப் பேசி வடிவமைக்கும் பழக்கத்துக்கு இது முக்கியமான முன்னோடி.

• 1997 நவம்பர்: யூஎம்எல் 1.1-ஐ ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் ஏற்றது. பின்னணியில் மூவர்: கிரேடி பூச் (பூச் முறை), ஜேம்ஸ் ரம்பா (ஓஎம்டி), ஐவர் ஜேக்கப்சன் (யூஸ் கேஸ்). ரம்பா 1994-இலும் ஜேக்கப்சன் 1995-இலும் ரேஷனல் நிறுவனத்தில் வந்து சேர்ந்தார்கள். யார் எந்த முறை என்று பொருத்தச் சொன்னால் இதுவே விடை.

• 2003: எரிக் எவான்ஸ், டொமைன் டிரிவன் டிசைன். 'எல்லோருக்கும் பொதுவான ஒரே மொழி' என்ற கருத்தை இங்கே குறித்து வையுங்கள், கீழே வேலை இருக்கிறது.

• 2009: பிளான்ட்-யூஎம்எல், ஆர்னோ ரோக். 2014: மெர்மெய்ட், க்னூட் ஸ்வெய்ட்க்விஸ்ட். 2022 பிப்ரவரியிலிருந்து கிட்ஹப் தளமே மெர்மெய்ட் எழுத்தைப் படமாகக் காட்டுகிறது.

• 2013: ஈவென்ட் ஸ்டார்மிங், இத்தாலியர் ஆல்பர்டோ பிராண்டோலினி.

எண்ணிக்கையில் வழுக்கும் இடம்: யூஎம்எல் 2.0-இல் வரைபட வகை 13. புரொஃபைல் டயகிராம் சேர்ந்ததும் 14 ஆனது: அமைப்பைக் காட்டுபவை 7, நடத்தையைக் காட்டுபவை 7. நடத்தை ஏழில் நான்கு இன்டராக்‌ஷன் வகை (சீக்வென்ஸ், கம்யூனிகேஷன், டைமிங், இன்டராக்‌ஷன் ஓவர்வியூ). விடைப்பட்டியலில் 13, 14 இரண்டும் இருந்தால் கேள்வியில் எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

நிறமும் இலக்கணமும்

• ஈவென்ட் ஸ்டார்மிங்கில் ஒரு நீளச் சுவர், காகிதச் சுருள், பல நிற ஸ்டிக்கி நோட்டுகள். நிரல் எழுதுபவரும் வியாபாரம் தெரிந்தவரும் சேர்ந்து நின்று ஒட்டுவார்கள். ஆரஞ்சு: நிகழ்வு. நீலம்: கட்டளை. சிறிய மஞ்சள்: ஆள். பெரிய மஞ்சள்: அக்ரிகேட். ஊதா: 'இது நடந்தால் அது செய்' என்ற கொள்கை. இளஞ்சிவப்பு: வெளி அமைப்பு. பச்சை: முடிவெடுக்கப் பார்க்கும் தகவல். பளிச்சென்ற சிவப்பு வகைத் தாளைச் சாய்த்து ஒட்டினால் ஹாட்ஸ்பாட், அதாவது சண்டை, சந்தேகம், 'இது யாருக்கும் தெரியாது'.

• இதில் மூன்று மட்டம்: பிக் பிக்சர், பிராசஸ் மாடலிங், சாஃப்ட்வேர் டிசைன்.

• ஸ்டிக்கி நோட்டின் பசையை 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் கண்டுபிடித்தார். அதைத் தாளில் தடவலாம் என்ற யோசனை 1974-இல் ஆர்ட் ஃபிரைக்கு வந்தது. அமெரிக்கா முழுக்க விற்பனை 1980-இல். பொது அறிவுத் தாளிலும் இது உதவும்.

• நினைவுக்கு ஒரு வழி. ஆங்கிலத்தில் படித்தபோது எனக்கு நிகழ்வும் கட்டளையும் குழம்பிக்கொண்டே இருந்தன. பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்தை மேலே போட்டுப் பார்த்தேன், தெளிந்துவிட்டது. நீலத் தாள் ஏவல் வினை: 'ரத்து செய்'. ஆரஞ்சுத் தாள் இறந்தகால வினைமுற்று: 'பயணச்சீட்டு ரத்தானது'. சிறிய மஞ்சள் எழுவாய். பெரிய மஞ்சள் பெரும்பாலும் செயப்படுபொருள். 'ரத்து செய்வோம்', 'ரத்தாகலாம்' என்று எழுதிய ஆரஞ்சுத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுத வேண்டும். நிகழ்வு என்றால் நடந்து முடிந்தது.

• இந்த இலக்கணத்திலேயே இன்னொரு சொல் இருக்கிறது: தோன்றா எழுவாய். இந்தக் குறிப்புகளுக்கு அதன் பெயரை வைத்த காரணம் கீழே.

ஏஐ வரைவதில்லை

• ஓவியம் போடும் ஏஐயிடம் வரைபடம் கேட்டால் அழகான பெட்டி வரும், உள்ளே எழுத்து சிதைந்திருக்கலாம், அம்பு எங்கேயோ போய் முட்டலாம். திருத்துவதும் கஷ்டம். வேலைக்கு ஆகிற முறை வேறு: மொழி மாதிரி ஒன்று குறிப்பைப் படித்து மெர்மெய்ட் அல்லது பிளான்ட்-யூஎம்எல் மொழியில் சில வரி எழுதித் தருகிறது. பெட்டியை எங்கே வைப்பது, கோட்டை எப்படி வளைப்பது என்பதெல்லாம் அடுத்து வரும் வரையும் மென்பொருளின் பாடு. வரைபடம் எழுத்தாக இருப்பதால் கிட்டில் போடலாம். நேற்றைக்கும் இன்றைக்கும் எந்த அம்பு மாறியது என்று வரிவரியாகப் பார்க்கலாம்.

• இந்த மொழி மாதிரிகளின் அடித்தளம் டிரான்ஸ்ஃபார்மர் கட்டமைப்பு. கூகுளைச் சேர்ந்த எட்டுப் பேர் பெயரில் 2017-இல் வந்த கட்டுரை. சாட்ஜிபிடி வெளியான நாள் 2022 நவம்பர் 30. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் அதே ஆண்டு செப்டம்பரில், 6,80,000 மணி நேர ஒலிப்பதிவில் பயிற்சி பெற்றது. ஒர்க்‌ஷாப் பேச்சைப் பதிவுசெய்து குறிப்பாக்குகிறவர்களுக்கு முதல் படி இந்த வகைக் கருவிதான்.

• எழுத்தாக இருப்பதன் தொல்லையும் உண்டு. மெர்மெய்ட் ஃப்ளோசார்ட்டில் ஒரு பெட்டிக்கு 'எண்ட்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே பெயர் வைத்தால் மொத்தப் படமும் உடையும், ஏனென்றால் அது அந்த மொழியின் ஒதுக்கப்பட்ட சொல். முதல் எழுத்தைப் பெரிதாக்கினால் சரி. தமிழில் பெட்டிப் பெயர் எழுதினால் இரட்டை மேற்கோளுக்குள் எழுதிவிடுங்கள்.

• அம்பு: மெர்மெய்ட் சீக்வென்ஸில் ->> என்றால் முழுக்கோடு, -->> என்றால் புள்ளிக்கோடு. யூஎம்எல் மரபுப்படி திரும்பி வரும் பதில் புள்ளிக்கோடு. சின்க்ரனஸ் செய்திக்கு நிரப்பிய அம்புத்தலை, அசின்க்ரனஸுக்குத் திறந்த அம்புத்தலை. கடைசி இரண்டையும் ஏஐ மாற்றிப் போட்டதை நானே பலமுறை திருத்தியிருக்கிறேன்.

ஒரு பக்கக் குறிப்பு, அருகில் வைத்துப் பார்த்தால்

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, நீளமாக இருக்கும். பேருந்து முன்பதிவு மென்பொருளுக்கு நடந்த ஒர்க்‌ஷாப் ஒன்றில் குறிப்பெடுத்தவர் எழுதிய நான்கு வரி:

1. பயணி கேன்சல் பண்ணினா சீட் ரிலீஸ் ஆகிடும்.
2. ரீஃபண்ட் போயிடும்.
3. ஆபரேட்டருக்கு மெசேஜ் போகும்.
4. ஒரு மணி நேரத்துக்குள்ளன்னா பணம் இல்லை. யார் முடிவு பண்றது??

'இதை சீக்வென்ஸ் டயகிராம் ஆக்கு' என்று மட்டும் சொல்லி ஏஐயிடம் கொடுத்தோம். பத்து விநாடி ஆகியிருக்காது, படம் வந்துவிட்டது. அறையில் இருந்த எல்லோருக்கும் சந்தோஷம். ஆறு செங்குத்துக் கோடு: பயணி, ஆப், புக்கிங் சர்வீஸ், பேமென்ட் கேட்வே, நோட்டிஃபிகேஷன் சர்வீஸ், ஆபரேட்டர். நடுவில் 'ஒரு மணிக்கு மேல், ஒரு மணிக்குள்' என்று இரண்டாகப் பிரித்த பெட்டி.

பிறகு குறிப்பையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

• குறிப்பில் பெயர் உள்ளவர் இருவர், பயணியும் ஆபரேட்டரும். மற்ற நால்வரையும் ஏஐ கூட்டிவந்தது. 'ரீஃபண்ட் போயிடும்', 'மெசேஜ் போகும்' என்ற வாக்கியங்களில் அனுப்புவது யார் என்று இல்லை. நாம் பேசும்போது அப்படித்தான் பேசுகிறோம்; எழுவாய் தோன்றாது, ஆனாலும் கேட்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறோம். சீக்வென்ஸ் டயகிராமோ ஒவ்வொரு அம்புக்கும் அனுப்புபவர், பெறுபவர் இருவரையும் கேட்கும் வடிவம். காலி இடம் இருந்தால் ஏஐ நிரப்பும். தான் படித்த ஆயிரக்கணக்கான படங்களில் அந்த இடத்தில் எது வழக்கமாக இருந்ததோ அதைப் போட்டு நிரப்பும். நோட்டிஃபிகேஷன் சர்வீஸ் பிறந்தது அப்படி. அந்த நிறுவனத்தில் அப்படி ஒன்று கிடையாது. ஆபரேட்டருக்கு ஒரு அம்மா போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

• குறிப்பின் வரிசை காலத்தின் வரிசையாகிவிட்டது. முதலில் சீட், அடுத்து பணம், அடுத்து செய்தி. மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று அறையில் பேசியது குறிப்பில் ஏறவில்லை. இணையாக நடப்பதற்கு யூஎம்எல்லில் 'பார்' என்ற சட்டம் உண்டு. 'ஆல்ட்' மாற்று வழிக்கு, 'ஆப்ட்' இருந்தால் மட்டும், 'லூப்' திரும்பத் திரும்ப. நான்கையும் மனப்பாடம் செய்யுங்கள்.

• நான்காம் வரியின் இரண்டு கேள்விக்குறியும் காணாமல் போயிருந்தன. 'யார் முடிவு பண்றது' என்பதற்குப் படத்தில் விடை இருந்தது: புக்கிங் சர்வீஸ். யாரும் சொல்லாத விடை, நேர்த்தியான பெட்டிக்குள். சுவரில் அது சாய்த்து ஒட்டிய தாளாக இருந்தவரை போகிறவர் வருகிறவர் கண்ணில் குத்தியது. படத்தில் ஏறியதும் முடிந்த விஷயம் போல ஆகிவிட்டது. என்னைக் கேட்டால், ஏஐ தப்பான அம்பு போடுவதைவிட இது மோசம். தப்பான அம்பை யாராவது ஒருவர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

• 'ஒரு மணி நேரம்' எதிலிருந்து? கிளாம்பாக்கத்தில் பேருந்து கிளம்பும் நேரத்திலிருந்தா, பயணி விழுப்புரத்தில் ஏறும் நேரத்திலிருந்தா? படம் 'புறப்பாட்டுக்கு' என்று எழுதிவிட்டது. குறிப்பில் அந்தச் சொல்லே இல்லை.

இரண்டாம் முறை வேறு மாதிரி கேட்டோம். குறிப்பின் வரிகளுக்கு எண் இட்டோம். 'குறிப்பில் இல்லாத பெயர் சேர்க்காதே. அனுப்புபவர் தெரியாவிட்டால் கேள்விக்குறி என்றே பெயர் வை. ஒவ்வொரு அம்பின் மேலும் ஆதார வரி எண்ணைப் போடு. கேள்வியாக உள்ளதைக் கேள்வியாகவே ஓரக்குறிப்பில் எழுது' என்று சொன்னோம். வந்த படம் பார்க்க அசிங்கம். கேள்விக்குறி என்ற பெயரில் ஒரு ஆள் நடுவில் நின்று பாதி வேலையைச் செய்துகொண்டிருந்தார். அடுத்த கூட்டத்தில் அதைத் திரையில் போட்டதும் ஆபரேஷன்ஸ் பக்கத்து அண்ணன் ஒருவர் எழுந்து, 'அந்தக் கேள்விக்குறி நான்தான் தம்பி, ராத்திரி ஷிஃப்ட்ல நான்தான் பார்த்து ஓகே பண்றேன்' என்றார்.

போட்டோ எடுக்கும்போது

• சுவரை செல்போனில் படமெடுத்து ஏஐயிடம் கொடுத்தால் ஆரஞ்சும் மஞ்சளும் கலங்கும். மஞ்சள் விளக்கடியில் நிச்சயம் கலங்கும். நிகழ்வு ஆளாகிவிடும், ஆள் நிகழ்வாகிவிடுவார். தாளின் மூலையில் 'நி', 'க', 'ஆ' என்று ஓர் எழுத்துப் போடும் பழக்கம் இருந்தால் தப்பிக்கலாம். ஹாட்ஸ்பாட்டின் சாய்வும் படத்தில் தொலைகிறது, அதற்கும் ஓர் எழுத்து வையுங்கள்.

• சுவரில் வாடிக்கையாளர் பெயரோ போன் எண்ணோ இருந்தால் மறைத்துவிட்டே பதிவேற்ற வேண்டும். எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023: குடியரசுத் தலைவர் ஒப்புதல் 2023 ஆகஸ்ட் 11, அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். இந்த இரண்டு எண்ணும் போட்டித் தேர்வுக்கு உரியவை.

குழப்பும் ஜோடிகள்

• கம்போசிஷன் நிரப்பிய வைரம், அக்ரிகேஷன் வெற்று வைரம். முழுமை அழிந்தால் பாகமும் அழியும் என்றால் நிரப்பியது. 'ஆர்டர்ல ஐட்டம் இருக்கு', 'டிபார்ட்மென்ட்ல வாத்தியார் இருக்காரு' இரண்டுக்கும் தமிழில் ஒரே 'இரு' வினைதான், குறிப்பை மட்டும் வைத்து ஏஐயால் உறுதியாகப் பிரிக்க முடியாது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: டிபார்ட்மென்டை மூடினால் வாத்தியாரும் போய்விடுவாரா?

• இன்க்ளூட், எக்ஸ்டெண்ட்: இன்க்ளூட் அம்பு மூல யூஸ் கேஸிலிருந்து சேர்க்கப்படுவதை நோக்கி. எக்ஸ்டெண்ட் அம்பு விரிவாக்கத்திலிருந்து மூலத்தை நோக்கி. திசை நேர் எதிர்.

• ஜெனரலைசேஷன் முழுக்கோடு, வெற்று முக்கோணம். ரியலைசேஷன் புள்ளிக்கோடு, அதே முக்கோணம்.

• சைமன் பிரவுனின் சி4 மாதிரி: கான்டெக்ஸ்ட், கன்டெய்னர், கம்போனென்ட், கோட். இங்கே கன்டெய்னர் என்றால் தனியாக ஓடும் ஒரு செயலி அல்லது தரவுக் கிடங்கு. டாக்கர் கன்டெய்னர் அல்ல. குறிப்பில் 'கன்டெய்னர்' என்று வந்தாலே ஏஐ சிலசமயம் டாக்கர் பக்கம் சாய்ந்துவிடும். எவான்ஸின் பொதுமொழி இங்கேதான் வேலை செய்கிறது: பத்துச் சொல்லுக்கு நம் அகராதி ஒன்றை எழுதி, குறிப்போடு சேர்த்தே கொடுத்துவிட வேண்டும். 'சீட் ரிலீஸ்' என்பதும் 'சீட் ஓபன்' என்பதும் ஒன்றா வேறா என்று அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு பெட்டி வரும்.

எந்தக் குறிப்புக்கு எந்தப் படம்

யார் யாரிடம் எப்போது சொன்னார் என்றால் சீக்வென்ஸ். ஒரே பொருள் நிலை மாறிக்கொண்டே போனால் (பதிவானது, பணம் கட்டியது, ரத்தானது) ஸ்டேட் மெஷின். பெயர்ச்சொல்லும் உறவும் மட்டும் என்றால் ஈ-ஆர் அல்லது கிளாஸ். பல துறை கைமாறும் வேலை என்றால் பிபிஎம்என், 2.0 பதிப்பு 2011-இல், ஐஎஸ்ஓ தரமானது 2013-இல். 'இருந்தால், இல்லாவிட்டால்' அடுக்கடுக்காக வந்தால் படமே வேண்டாம், டெசிஷன் டேபிள் கேளுங்கள். ஏஐ தானாக இதைத் தேர்ந்தெடுப்பது அரிது. நீங்கள் டயகிராம் என்று கேட்டால் அது டயகிராம்தான் தரும்.

ஒரு பயிற்சிக் கணக்கு: மேலே சொன்ன பேருந்து விதிக்கு நிபந்தனை மூன்று. பேருந்து கிளம்ப ஒரு மணிக்கு மேல் இருக்கிறதா? பயணி ஏறும் இடத்துக்குப் பேருந்து வர ஒரு மணிக்கு மேல் இருக்கிறதா? ரத்து செய்தது பயணியா, ஆபரேட்டரா? விதிகள் எத்தனை, குறிப்பில் விடை உள்ளவை எத்தனை?

விடை: ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பு, ஆகவே 2 × 2 × 2 = 8. கிளம்பவே ஒரு மணிக்கு மேல் இருந்தால் ஏறும் இடத்துக்கும் நிச்சயம் அதற்கு மேல் இருக்கும், அதனால் 2 சேர்க்கை நடக்கவே நடக்காது. மீதி 6. பயணி ரத்து செய்து, இரண்டு நேரமும் மேலே என்றால் பணம் உண்டு. இரண்டும் உள்ளே என்றால் இல்லை. குறிப்பு பதில் சொல்வது இந்த 2-க்கு மட்டும். கிளம்ப ஒரு மணிக்குள், ஏறும் இடத்துக்கு வர ஒரு மணிக்கு மேல் என்ற விழுப்புரத்துப் பயணியும், ஆபரேட்டரே ரத்து செய்த 3 வரிசையும் சேர்ந்து 4 காலி. முதல் படத்தில் அந்த நான்கு காலி இடமும் தெரியவே இல்லை.